எச்சரிக்கை: வாசனை மெழுகுவத்திக்கு 312 வெள்ளி கொடுத்தேன்

312 சிங்கப்பூர் வெள்ளி. நான்கு மெழுகுவத்திகள், ஒன்று 78 வெள்ளி. கடையின் பெயரை இங்கே போடவில்லை. போட்டால் என்ன செய்வார்கள் என்பதை அவர்களே எழுத்தில் தெரிவித்துவிட்டார்கள், அதைப் பிறகு சொல்கிறேன். ஆர்ச்சர்டு சாலைப் பக்கத்துக் கடைத்தொகுதிகளில் மின்படிக்கட்டுக்கு அடியில் திடீரென்று முளைத்துத் திடீரென்று மறைகிற தற்காலிகக் கடைகள் இருக்கின்றன அல்லவா, அந்த வகை. வெள்ளை மேசை, காய்ந்த பூங்கொத்து, கண்ணாடி மூடிகளுக்குள் மெழுகுவத்திகள், இன்ஸ்டகிராமில் கண்ணைப் பறிக்கும் படங்கள். வீட்டுக்கு விலையுயர்ந்த வாசனை மெழுகுவத்தி வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்தது.

பொங்கோலில் புது வீட்டுக்கு அண்மையில்தான் குடிவந்தோம். சாயமும் பலகைப் பசையும் சேர்ந்த நெடி போகவே இல்லை. சாம்பிராணி போட்டால் புகை நடைபாதைக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரர் கதவை அடைக்கிறார். சரி, நல்ல மெழுகுவத்தி இரண்டு வாங்கலாம், கணவரின் அக்காவான அண்ணிக்கும் ஒன்று பரிசாகக் கொடுக்கலாம் என்று கிளம்பினேன்.

"வணக்கம் அக்கா, வாருங்கள்" என்று அழைத்தாள் அந்தப் பெண். விலை அதிகமான கடைத்தொகுதியில், ஆங்கிலம் மட்டுமே காதில் விழும் இடத்தில், ஒருவர் தமிழில் அழைத்தால் மனம் இளகத்தான் செய்யும். அவர்கள் அங்கே விற்ற முதல் சரக்கு அதுதான் என்பது இப்போது புரிகிறது. ஒரு மூடியைத் தூக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மல்லிகை. சும்மா சொல்லக்கூடாது, பஃபலோ சாலைப் பூக்கடையில் மாலை நேரத்தில் நிற்பது போலவே இருந்தது. "மதுரை மல்லி அக்கா, 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த பூ. அதன் எண்ணெயை எடுத்து, பிரான்சில் கிராஸ் நகரத்தில் கையாலேயே ஊற்றுகிறார்கள். அந்த ஊரின் வாசனைத் தொழிலை யுனெஸ்கோவே 2018இல் பட்டியலில் சேர்த்திருக்கிறது" என்று கைப்பேசியில் பக்கத்தைத் திறந்தும் காட்டினாள். திப்டீக் என்ற பாரிஸ் நிறுவனம் 1963இல் மெழுகுவத்தி செய்யத் தொடங்கிய கதையையும் சொன்னாள். "அவர்களுக்கு நிகரான தரம், விலை மட்டும் குறைவு" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். மதுரை மல்லிக்கு 2013இல் குறியீடு கிடைத்தது உண்மை. கிராஸ், யுனெஸ்கோ, 2018, அதுவும் உண்மை. 1963ம் உண்மை. அவள் சொன்ன வரலாற்றில் ஒரு பொய்கூட இல்லை. அந்த வரலாற்றுக்கும் அவள் கையில் இருந்த குவளைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, அவ்வளவுதான்.

வாங்குவதற்கு முன் கேட்டேன், ஒன்றை ஏற்றிக் காட்ட முடியுமா என்று. கடைத்தொகுதிக்குள் தீ வைக்க அனுமதி இல்லை என்றாள். நியாயம்தான். வீட்டில் ஏற்றி வாசனை வரவில்லை என்றால்? அப்போதுதான் என் கையைத் தொட்டுச் சொன்னாள்: "அக்கா, வரவில்லை என்றால் நேராக என்னிடமே கொண்டு வாருங்கள், நான் மாற்றித் தருகிறேன். என் அம்மாவுக்கே இதைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்." இரண்டு வாங்கப் போன நான் நான்கு எடுத்தது அந்த வாக்கியத்துக்காகத்தான். அட்டை இயந்திரம் பழுது என்றார்கள். பேநவ் வழியாக, அதாவது கைப்பேசியிலிருந்து நேராக வங்கிக் கணக்குக்கு, பணம் அனுப்பச் சொன்னார்கள். பெறுபவர் பெயரில் கடையின் பெயர் இல்லை, வேறொரு நிறுவனப் பெயர். கேட்டதற்கு, தாய் நிறுவனம் என்று பதில் தயாராக இருந்தது. கைப்பேசியை ஒரு முறை அழுத்தினேன். 312 வெள்ளி போய்விட்டது.

வீட்டில் மல்லிகையை முதலில் ஏற்றினேன். எனக்கு மெழுகுவத்தி புதிதல்ல. திரியை ஆறு மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டினேன், மின்விசிறியை நிறுத்தினேன், முதல் முறை உருகும் மெழுகு குவளையின் ஓரம் வரை பரவ வேண்டும் என்பதால் அணைக்காமல் காத்திருந்தேன். குவளையின் அகலத்தில் இரண்டரை சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்பது கணக்கு. அதற்கு மேலும் விட்டுப் பார்த்தேன். திரியைச் சுற்றி ஒரு குழி விழுந்ததே தவிர ஓரத்து மெழுகு அசையவே இல்லை. சோபாவில் உட்கார்ந்தால் எதுவும் தெரியவில்லை. குனிந்து முகர்ந்தால் கருகிய மெழுகு வாசம், அதன் பின்னால் கழிவறை கழுவும் திரவத்தின் சாயல். மெழுகு உருகிப் பரவும் மேற்பரப்பிலிருந்துதான் வாசனை அறைக்குள் எழும்பும். குவளை அகலம், திரி மெலிது என்றால் அந்தப் பரப்பே உண்டாகாது. இதைச் செய்தவர்களுக்கு இது தெரியாதா?

சந்தனம் என்று கொடுத்தது இதற்கு நேர்மாறு. திரி தடிமன், அதுவும் நடுவில் இல்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சுடர் ஓரத்துக் கண்ணாடியை நக்கிக்கொண்டே எரிந்தது. புதுச் சுவரில் கறுப்புப் படிவு. "பாரஃபின் கலந்திருப்பார்கள்" என்றார் என் கணவர், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மலிவான மெழுகைத்தான் சொல்கிறார். கரிப்புகை எந்த மெழுகிலும் வரும், திரி நீளமாகவோ தடிமனாகவோ இருந்தால் போதும், எனவே அதை மட்டும் வைத்து நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் ஏற்றியபோது குவளை டப்பென்று விரிசல் விட்டது. உருகிய மெழுகு மேசைக்கு வந்தது. எங்கள் வீட்டில் தவழும் குழந்தை இல்லை, திரைச்சீலை அந்தப் பக்கம் இல்லை. இருந்திருந்தால்?

அன்றிரவே அண்ணியிடமிருந்து அழைப்பு. "நீ கொடுத்ததை ஏற்றினேன்மா, கோவித்துக்கொள்ளாதே, கூடமெல்லாம் மண்ணெண்ணெய் வாசம் வருகிறதே. என்ன விலை?" என்று கேட்டார். விலையைச் சொல்ல வாய் வரவில்லை. கணவரின் அக்கா வீட்டில் போன மானத்தை 312 வெள்ளியில் சேர்க்கவே இல்லை நான்.

இனி அவர்கள் தந்த பதில்களைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் படங்களோடு எழுதினேன். மின்விசிறி ஓடியதா? இல்லை. குளிரூட்டி? இல்லை. திரியை வெட்டினீர்களா? வெட்டினேன். அப்படியானால் உங்கள் மூக்கு அந்த வாசனைக்குப் பழகிவிட்டிருக்கும் என்றார்கள். மூக்கு பழகுவது உண்மைதான், நாம் இருக்கும் அறையின் வாசம் கொஞ்ச நேரத்தில் நமக்கே தெரியாமல் போகும். ஆனால் வேலை முடிந்து அப்போதுதான் கதவைத் திறந்த என் கணவரின் மூக்கு எதற்குப் பழகியிருக்கும்?

பிறகு வந்தது உண்மையான பதில்: ஏற்றிய மெழுகுவத்தியைத் திரும்பப் பெறுவதில்லை.

சரி, நான்காவதை இன்னும் ஏற்றவில்லை, அதையாவது எடுத்துக்கொண்டு 78 வெள்ளியைக் கொடுங்கள் என்றேன். அதற்கு வந்த பதிலை அப்படியே தமிழில் தருகிறேன்: "ஏற்றாத ஒன்றில் குறை இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

புரிகிறதா இவர்களுடைய தந்திரம்? ஏற்றாமல் குறை தெரியாது. ஏற்றினால் பொருள் உங்களுடையது. கடையில் ஏற்றிக் காட்ட மாட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பணம் அவர்களிடம்தான் இருக்கும். இந்த மெழுகுவத்தியைச் செய்யப் போட்ட அறிவைவிட அந்த விதியை எழுதப் போட்ட அறிவு அதிகம்.

கோபத்தில் அந்த நான்காவதை எடுத்தேன். மேல் மெழுகைக் கரண்டியால் மெல்லச் சுரண்டினேன். சுரண்டிய தூளில் அவள் காட்டிய அதே மல்லிகை, மூக்கைத் துளைத்தது. ஒரு விரல் ஆழத்துக்குக் கீழே எதுவுமே இல்லை, வெறும் மெழுகு. மேல்பரப்பில் மட்டும் வாசனையைத் தெளித்திருக்கிறார்கள், கடையில் முகர்ந்து பார்ப்பவருக்காக! பிறகு குவளையை உறைபெட்டியில் வைத்தேன். குளிரில் மெழுகு சுருங்கும், கவிழ்த்தால் கட்டியாக வந்து விழும். சமையலறைத் தராசில் வைத்தேன். சுரண்டிய தூளையும் சேர்த்து 148 கிராம். குவளையில் எழுதியிருப்பது 220. ஒரு கிராம் மெழுகுக்கு 50 காசுக்கு மேல் கொடுத்திருக்கிறேன். ஈரத்தில் குவளையின் அடியில் இருந்த ஒட்டுவில்லை (ஸ்டிக்கர்) உரிந்தபோது அதற்கடியில் இன்னொரு வில்லை இருந்தது. மேலே "100 விழுக்காடு சோயா மெழுகு, கிராஸ்". அடியில் "பாரஃபின் கலவை", மொத்த விற்பனைச் சரக்கு எண். பிரான்சைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இந்தப் படங்களையும் அனுப்பினேன். உறைபெட்டியில் வைத்ததால் உத்தரவாதம் செல்லாது என்று பதில் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்கு அடுத்து, நல்லெண்ணத்தின் அடையாளமாக 15 வெள்ளிப் பற்றுச்சீட்டு தருகிறார்களாம், 150 வெள்ளிக்கு மேல் வாங்கினால் பயன்படுத்தலாமாம். 312 வெள்ளியை இழந்தவள் 15 வெள்ளிக்காக இன்னும் 150 வெள்ளி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்!

நேரில் போனேன். அந்தப் பெண் இல்லை. "அவர் பகுதிநேர ஊழியர், இப்போது வேலை செய்யவில்லை, அவர் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்றார் இருந்தவர். மேலாளர்? விடுப்பு. எப்போது வருவார்? தெரியாது. எழுத்தில் கொடுங்கள் என்றால், மின்னஞ்சல் அனுப்புங்கள் என்கிறார்கள். மின்னஞ்சல் அனுப்பினால், வாட்ஸ்அப்பில் தொடர்புகொள்ளுங்கள் என்று தானியங்கிப் பதில். மறுபடி போய்ப் பார்த்தபோது அந்த இடத்தில் கைப்பேசி உறைகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். நேற்று இரவு கடைசிச் செய்தி வந்தது: சமூக ஊடகத்தில் எழுதினால் அவதூறு வழக்கு. இதுவரை ஒரு வாரம் பதில் சொல்லாதவர்கள் அதை மட்டும் நள்ளிரவில் விழித்திருந்து அனுப்பியிருக்கிறார்கள்.

மிரட்டலைப் படித்த பிறகுதான் சட்டத்தையும் படித்தேன், உங்களுக்கும் பயன்படும். 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும், லெமன் சட்டம் என்று பேசப்படும் விதிகளின்படி, பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை பொதுவாகத் தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியவர் விற்றவர். கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அவர்கள் சமரசம் பேசுவார்கள், கட்டாயப்படுத்த அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அடுத்தது சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் வைக்கக் கூடாது, என்னுடையது போன்ற சிறிய தொகைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பேநவ்வில் தெரிந்த நிறுவனப் பெயரை, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் தளத்தில் தேடி எடுத்துவிட்டேன். 312 வெள்ளிக்காக இவ்வளவா என்று என் கணவர் கேட்கிறார். இவ்வளவும்தான்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், பொறுமை இல்லை, கை நடுங்குகிறது. இதை மட்டும் பாருங்கள். ஏற்றாத மெழுகுவத்தியின் வாசனையை நம்பாதீர்கள், ஏற்றியதையும் திரும்பப் பெறுவோம் என்று எழுத்தில் சொல்லும் கடையில் வாங்குங்கள், அல்லது முதலில் மிகச் சிறிய குவளை ஒன்றை வாங்கி ஏற்றிப் பாருங்கள். திரி நடுவில் இருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். எடையையும் எரியும் நேரத்தையும் ஒப்பிடுங்கள். திப்டீக்கின் 190 கிராம் குவளைக்கு 60 மணி நேரம் என்கிறார்கள், அதைவிடப் பெரிய வாக்குறுதி கேட்டால் சந்தேகப்படுங்கள். அட்டை இயந்திரம் பழுது என்றால் வேறு நாள் வாருங்கள், பேநவ்வில் போன பணத்தை வங்கி தானாக மீட்டுத் தராது. ஒட்டுவில்லையின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பாருங்கள், யார் முறைத்தாலும் சரி. மெழுகின் வகையையும் கிராம் கணக்கையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

மின்படிக்கட்டுக்கு அடியில் இதே வகைக் கடையில் வாங்கி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் ரசீதுப் படத்தோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். நிறுவனப் பெயர் ஒன்றாக இருந்தால் நடுவர் மன்றத்தில் காட்டுகிறேன்.