சுவருக்கு முள், தலைமாட்டுக்கு எண்

முள் கடிகாரமா, டிஜிட்டல் கடிகாரமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது அழகைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. ஒருவருக்கு முட்களின் கம்பீரம் பிடிக்கும், இன்னொருவருக்கு எண்களின் எளிமை பிடிக்கும், அவரவர் ரசனை என்று கலைந்துவிடுவார்கள். எனக்கு இதில் அழகைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கடிகாரத்தை நாம் எதற்காக நிமிர்ந்து பார்க்கிறோம்? மணி என்ன என்று தெரிந்துகொள்ள மட்டும்தான் என்றால் டிஜிட்டலே போதும். ஆனால் பல நேரங்களில் நமக்கு வேண்டியது இன்னும் எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறது என்பதுதான். அதைக் கணக்குப் போடாமலே காட்டுவது முள் கடிகாரம். அதனால் நான் பெரும்பாலும் முள் பக்கம்.

டிஜிட்டல்தான் துல்லியம் என்ற எண்ணத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். பேட்டரியில் ஓடும் சாதாரணக் கடிகாரம் எதுவானாலும் உள்ளே இருப்பது ஒரே மாதிரியான குவார்ட்ஸ் படிகம். அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணிக்கையை 15 தடவை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். அந்தத் துடிப்பு ஒரு குட்டி மோட்டாருக்குப் போனால் முள் நகர்கிறது. திரைக்குப் போனால் எண் மாறுகிறது. மாதத்துக்குப் பதினைந்து நொடி முன்னே பின்னே போவது இரண்டுக்கும் பொது. 1969 டிசம்பரில் வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான செய்கோ ஆஸ்ட்ரானுக்கே முட்கள்தான் இருந்தன. எண்கள் ஒளிரும் ஹாமில்டன் பல்சார் 1972இல்தான் வந்தது. அதிலும் பொத்தானை அமுக்கினால்தான் மணி தெரியும். எப்போதும் எரியவிட்டால் பேட்டரி தாங்காது.

எண்ணாகத் தெரிகிறது என்பதற்காக அது சரியாக இருக்க வேண்டும் என்றில்லை. 2018இன் தொடக்கத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மின்கட்டமைப்பின் அலைவெண் 50 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 50 அலைக்கு, சற்றுக் கீழே இறங்கிக் கிடந்தது. மின்சாரத்தின் அலைகளை எண்ணியே நேரம் காட்டும் சமையலறை அடுப்புக் கடிகாரங்களும் ரேடியோ அலாரங்களும் ஏறக்குறைய ஆறு நிமிடம் பின்தங்கிப்போயின. எல்லாம் நிமிடச் சுத்தமாகத்தான் ஒளிர்ந்துகொண்டிருந்தன.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தேர்வு 12:15க்கு முடிகிறது, இப்போது 10:47 என்று வைத்துக்கொள்வோம். எண்ணைப் பார்ப்பவர் மனதுக்குள் பதினொன்றுக்குப் பதின்மூன்று, அப்புறம் ஓர் அறுபது, அப்புறம் பதினைந்து என்று கூட்டியாக வேண்டும். அறுபதில் கடன் வாங்கும் கழித்தல் பதற்றத்தில் எளிதில் பிசகும். முள் கடிகாரத்தில் பெரிய முள் இருக்கும் இடமும் அது போய்ச் சேர வேண்டிய இடமும் கண்முன்னே இருக்கின்றன. ஒரு முழுச் சுற்று, அதன்மேல் இன்னும் ஏறக்குறைய அரைச் சுற்று. வேகத்தைக் கூட்டுவதா, அடுத்த கேள்வியை நிதானமாக எழுதுவதா என்று முடிவெடுக்க அவ்வளவு போதும். மேடையில் பேசுபவருக்கும் இதே கதைதான். கையிலுள்ள இருபது நிமிடம் அவருக்கு வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு.

சின்ன முள்ளின் அருமையைப் பலர் கவனிப்பதில்லை. பெரிய முள் நிமிடத்துக்கு ஆறு பாகை நகர்கிறது, சின்ன முள் அரை பாகை. மெதுவாகத்தான், ஆனால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் எட்டே முக்கால் என்றால் அது ஒன்பதை ஒட்டி வந்து நிற்கும். டிஜிட்டலில் 8:59 வரைக்கும் முன்னால் நிற்பது எட்டுதான். மனம் அந்த எட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறது. ஒரு காலத்தில் கடிகாரங்களுக்கு மணி முள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அன்றைய இயந்திரங்கள் நாளுக்குக் கால் மணி நேரம்வரை தவறும் என்பதால் நிமிட முள்ளுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. 1656இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை வடிவமைத்த பிறகு தவறு நொடிக்கணக்குக்குச் சுருங்கியது, நிமிட முள்ளும் பரவலாயிற்று.

தூரத்திலிருந்து படிக்கவும் முள்தான் எளிது. ஹான்ஸ் ஹில்ஃபிகர் 1944இல் வடிவமைத்த சுவிஸ் ரயில் நிலையக் கடிகாரத்தின் முகப்பில் ஓர் எண்கூடக் கிடையாது. வெறும் கோடுகளும் கனத்த முட்களும்தான். ஓடிக்கொண்டே ஏறிட்டுப் பார்த்தாலும் மணி தெரியும். 1953இல் சேர்ந்த சிவப்பு நொடி முள் ஏறக்குறைய 58.5 நொடியில் ஒரு சுற்றை முடித்து உச்சியில் காத்து நிற்கும். தலைமைக் கடிகாரத்திலிருந்து சைகை வந்ததும் நிமிட முள் தாவும், சிவப்பு முள் மறுபடி கிளம்பும்.

நாடி பார்ப்பதிலும் நான் நொடி முள்ளையே கேட்பேன். துடிப்புகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும்போது கண்ணெதிரே வேறோர் எண் மாறிக்கொண்டிருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். முள் கால் வட்டம் சுற்றும்வரை எண்ணி நான்கால் பெருக்கினால் முடிந்தது. பார்வையற்றவர்களுக்கான கைக்கடிகாரத்தில் கண்ணாடி மூடியைத் திறந்து முட்களைத் தொட்டே மணி அறியலாம். பேசும் டிஜிட்டல் கடிகாரமும் நல்ல துணைதான், ஆனால் கூட்டத்தின் நடுவே சத்தமில்லாமல் மணி பார்க்க அதில் வழியில்லை.

எண்கள் வெல்லும் இடங்களும் உண்டு, அங்கே நான் முள்ளுக்காக வாதாட மாட்டேன். எழுதிவைக்க வேண்டிய நேரம் எதுவானாலும் டிஜிட்டல்தான் நல்லது. மருந்து கொடுத்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம் இவற்றையெல்லாம் 13:07 என்று அப்படியே பார்த்து எழுதிவிடலாம். பகலா இரவா என்ற சந்தேகம்கூட இல்லை. அலாரத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. முள் அலாரம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அறியாது. மாலை ஐந்து மணிக்கே மறுநாள் காலை ஆறுக்கு வைத்தால் அன்று மாலை ஆறுக்கே அலறிவிடும். வைத்த நேரத்துக்குச் சில நிமிடம் முன்னே பின்னே அடிப்பதும் சகஜம். விடியற்காலையில் விமானம் பிடிக்க வேண்டியவர் அதை நம்பிப் படுக்கக் கூடாது.

ஆனால் தலைமாட்டில் எந்த டிஜிட்டல் என்பதும் முக்கியம். இரவெல்லாம் சிவப்பாக எரியும் எல்.இ.டி. எண்கள் வேண்டாம். நடு இரவில் விழிப்பு வந்ததும் 2:47 என்று கண்ணில் பட்டால், விடிய எத்தனை மணி நேரம் என்ற கணக்கு தானாக ஓட ஆரம்பித்து இருக்கிற தூக்கத்தையும் கெடுக்கும். பொத்தானை அமுக்கினால் மட்டும் விளக்கு எரியும் எல்.சி.டி. கடிகாரம் போதும். அதில் டிக் டிக் சத்தமும் இல்லை.

கெட்டுப்போகும் விதத்திலும் இரண்டும் வேறு வேறு. மின்சாரத்தில் ஓடும் டிஜிட்டல், மின்வெட்டுக்குப் பிறகு பெரும்பாலும் 12:00 என்று மினுக்கித் தன்னை நம்பாதே என்று சொல்லிவிடும். ஏழு கோடுகளாலான எண்ணில் ஒரு கோடு அணைந்தால் மட்டும் ஆபத்து: எட்டு, ஆறாகவோ ஒன்பதாகவோ பூஜ்யமாகவோ தெரியும். நொடி முள் இல்லாத சுவர்க் கடிகாரம் நின்றுபோனாலோ பார்த்தவுடன் தெரியாது.

மணி பார்க்கக் கற்றுக்கொள்ள முள்ளுக்குக் கூடுதல் உழைப்பு வேண்டும் என்பது உண்மை. ஏழரையையும் ஆறரையையும் குழந்தைகள் குழப்பிக்கொள்வார்கள். அதற்காகத் தேர்வறையிலிருந்து முள் கடிகாரத்தை எடுத்துவிடலாம் என்ற யோசனை எனக்கு ஏற்பில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டலாம். எண் சொல்லும் மணியை முள்ளில் தேடிப் பார்த்தே பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

சுவருக்கு வாங்கும்போது நான் பார்ப்பது மூன்று: பன்னிரண்டு எண்களும் தெளிவாக இருக்க வேண்டும், இரு முட்களின் நீளத்தில் நல்ல வித்தியாசம் வேண்டும், நொடி முள் கட்டாயம் வேண்டும். முள்ளும் முகப்பும் ஒரே பொன்னிறத்தில் மினுங்கும் கடிகாரத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், அறையின் மறுகோடியிலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டே வாங்குங்கள்.