நாய்க்கு அஸ்திக் கலசம் என்று 4,850 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள், உஷார்

கையால் வனைந்த மண் கலசம், இடித்த வீட்டுத் தேக்கில் மூடி, அதில் உங்கள் செல்லப்பிராணியின் பெயர். இப்படி ஆன்லைனில் யாராவது விற்றால், பணம் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னேதான் இருக்கும்.

எங்கள் பாண்டி சிப்பிப்பாறை நாய். சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். பாளையங்கோட்டையில் வாடகை வீடு, புதைக்க இடமில்லை. மாமா வயலில் வைத்து எரித்தோம். சாம்பலைக் குறுக்குத்துறை ஆற்றில் கரைத்துவிடச் சொன்னார் ஆச்சி. பாண்டி வீட்டில்தான் இருக்கணும் என்று மகள் ஒரே அழுகை. (சாம்பலை வீட்டில் வைக்கக் கூடாது என்று ஆச்சி போட்ட சத்தம் தனிக் கதை.)

கைவினைப் பொருள் விற்கும் ஒரு ஆப்பில்தான் இந்தக் கடையைப் பார்த்தேன். பேர் சொல்லவில்லை. மெசேஜ் அனுப்பியதும் அந்த ஆள் விலையைப் பேசவே இல்லை. "பேர் என்ன அண்ணா? போட்டோ இருந்தா அனுப்புங்க, முகத்தைப் பார்த்துட்டுச் செஞ்சாதான் மனசு வரும்" என்றான். அவன் வீட்டிலும் ஒன்று செத்துப்போனதாம். அப்புறம் ஒரு வீடியோ வந்தது. சக்கரத்தில் மண் சுற்றுகிறது, ஈர விரல்கள் கழுத்தைப் பிடித்து நிறுத்துகின்றன, மோதிர விரலில் பச்சைக்கல். "உங்க பாண்டிக்குத்தான் அண்ணா." வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். கலசத்துக்கு ஆப்பில் 3,600 கட்டினேன். பேர் பொறிக்கத் தனியாக 1,250, அது அவன் சொந்த நம்பருக்கு ஜிபே. மொத்தம் 4,850.

வந்த லட்சணத்தைக் கேளுங்கள். நாயின் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 35 மில்லி இடம் வேண்டும் என்பது இதில் பொதுவான கணக்கு. பாண்டி 20 கிலோ, அப்படியானால் 700 மில்லி. அரை லிட்டர் பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன், பாதிக்குமேல் போனதும் வழிந்துவிட்டது. அடியில் நகத்தால் சுரண்டினால் வெள்ளை மாவு. சுட்ட மண்ணே இல்லை, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்குக் காவி பெயிண்ட். தேக்கு மூடி என்றது மரத்தூளை அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகை, மேலே மர ரேகை போட்ட ஸ்டிக்கர். ஈரம் பட்ட ஓரம் ஒரே ராத்திரியில் டீயில் முக்கிய பொறை மாதிரி உப்பிவிட்டது. பொறித்த பேரும் ஸ்டிக்கர்தான், அதிலும் துணைக்காலை விழுங்கி 'பண்டி' என்று அடித்திருக்கிறான். மகள் அதை உரித்துத் தூரப் போட்டுவிட்டாள்.

மாமா கலசத்தைக் காருகுறிச்சிக்கு எடுத்துப்போய், பானை செய்கிற ஒரு பெரியவரிடம் காட்டினார். அவர் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். டொக்கென்று சத்தம். "சூளை வாசலையே பாக்கல அண்ணாச்சி இது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ஆதிச்சநல்லூர்த் தாழிகள் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த ஊர்ப்பக்கம் இது. இங்கே இருந்துகொண்டு பிளாஸ்டர் பொம்மைக்கு 4,850 கொடுத்திருக்கிறேன்!

விற்றவனிடம் கேட்டால் முதலில் "கைவேலை அண்ணா, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது." அடுத்து "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா?" அதையும் அனுப்பினேன். "பேர் போட்ட பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது." அதோடு பிளாக். மகள் தேடியதில் அதே சக்கர வீடியோ ஒரு வெளிநாட்டுப் பக்கத்தில் பழைய தேதியில் கிடக்கிறது. அதே விரல், அதே பச்சைக்கல்.

ஆப்காரர்கள் இன்னும் மோசம். தாங்கள் இடையில் இருப்பவர்கள்தானாம், 1,250 வெளியே கட்டியதால் அது அவர்கள் கணக்கிலேயே வராதாம். சரி, உள்ளே கட்டிய 3,600? "உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்" என்று அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த ஆர்டர் என்றால் எது? இன்னொரு நாய் சாகணுமா?

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ஆப்புக்கு வெளியே ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். எத்தனை மில்லி பிடிக்கும், எந்தச் சூளையில் சுட்டது என்று எழுத்தில் கேளுங்கள். பழைய மரம் என்றால் ஆணி ஓட்டையோடு பின்பக்கப் படம் கேளுங்கள். 2020 இ-காமர்ஸ் விதிப்படி, ஆப்காரர்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், அதைச் சொல்லியே கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, பண மோசடிக்கு 1930. நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், திருநெல்வேலியிலும் இருக்கிறது.

1915-இல் பதிந்து நம்பர் வாங்கிவிட்டேன். 4,850-இல் எவ்வளவு திரும்பினாலும் இங்கேயே சொல்கிறேன். இதே வீடியோ உங்களுக்கும் வந்திருந்தால் கமெண்டில் போடுங்கள், ஆணையத்துக்குப் போகும்போது சேர்த்துக் கொடுக்கலாம்.