முதுகுத்தண்டுக் காயத்தோடு செட்டிநாட்டுப் பயணம்: யாரும் கேட்கத் தயங்கும் விஷயம்

சித்தப்பா மகள் கல்யாணத்துக்காக ஈப்போவிலிருந்து பள்ளத்தூர் போய்வந்தேன். எனக்கு முதுகுத்தண்டில் டி4 காயம், அதாவது மார்புப் பகுதி முதுகெலும்பில் நான்காவது எலும்பு மட்டத்தில். மார்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. என்னைப் போன்றவர்கள் ஊருக்குப் போகத் தயங்கும்போது வீட்டார் படியையும் வாசலையும்தான் நினைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கோ "வெளிக்கிப் போறதுக்கு என்ன பண்றது" என்பதுதான் முதல் கவலை. கூச்சத்தால் யாரும் இதைப் பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. முந்தின இரவே குடலைக் காலி செய்துவிட்டுக் கிளம்பியதால் வழியில் தொல்லை இல்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் கார்.

தங்குமிடம்தான் முதல் ஏமாற்றம். பழைய வீட்டை விடுதியாக மாற்றிய ஓரிடத்தில், "தரைத்தள அறை, வீல்சேர் தாராளமாப் போகும்" என்று போனில் உறுதி சொன்னார்கள். அறைக்குள் போனது, குளியலறைக் கதவுக்குள் போகவில்லை. கதவு இரண்டடி அகலம்தான். முன்பதிவு செய்யும்போதே கதவின் அகலத்தை அளந்து படம் அனுப்பச் சொல்லுங்கள். கடைசியில் சித்தப்பா வீட்டுக்கே போய்விட்டேன். முகப்புப் படிக்குப் பலகை போட்டு ஏற்றினார்கள். கழிப்பறை கொல்லையில் இருந்ததால், இரண்டாங்கட்டில் ஓர் அறையைத் திரைபோட்டு எனக்காக ஒதுக்கினார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழவழவென்று இருந்தது. கமோடு நாற்காலி தடையில்லாமல் உருண்டது.

அந்த நாற்காலியைக் காரைக்குடியில் வாடகைக்கே எடுத்தோம். இருக்கை கடினப் பிளாஸ்டிக். உணர்வில்லாத இடுப்பில் அதில் உட்கார்ந்தால் படுக்கைப்புண் வந்துவிடும். கார் சீட் தைக்கும் கடையில் கொடுத்தோம். தடித்த ஸ்பாஞ்சை வட்டமாக வெட்டி, ரெக்சின் சுற்றி, தையல் தோலில் உரசாதபடி அடிப்பக்கம் மடித்துத் தைத்துக் கொடுத்தார் கடைக்காரர். அந்தத் தையலை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். மலேசியாவில் வாங்கியதைவிட நன்றாக இருந்தது.

மருந்துக்கடைகளில் கையுறை, தடவிய இடத்தை மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஜெல்லி, டயப்பர் எல்லாம் கிடைக்கின்றன. டல்கோலாக்ஸ் சப்போசிட்டரி (ஆசனவாய்க்குள் வைக்கும் மலமிளக்கி மருந்து) கேட்டால் குழந்தைகளுக்கான 5 மில்லிகிராமைத் தந்துவிடுவார்கள், பெரியவர்களுக்கு 10 வேண்டும். வெயிலில் காருக்குள் வைத்தால் உருகிவிடும், ஃபிரிட்ஜில் வையுங்கள்.

முறையைச் சொல்லிவிடுகிறேன். என்னைப்போல் காயம் மேலே இருந்தால் மூளையின் கட்டளை மலக்குடலுக்குப் போகாது, ஆனாலும் அதன் அனிச்சைச் செயல் இருக்கும். அதைத் தூண்டித்தான் மலம் கழிக்கிறோம். சாப்பிட்ட 20, 30 நிமிடத்தில் பெருங்குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பிடிக்க வேண்டும். சின்னாத்தா விடியற்காலையிலேயே காபியும் இட்லியும் கொண்டுவந்துவிடுவார். பிறகு சப்போசிட்டரி, சற்றுப் பொறுத்துக் கையுறை விரலால் ஆசனவாய்க்குள் 15, 20 விநாடி மெல்லச் சுழற்றல், சில நிமிடம் விட்டு மறுபடி. துணைக்கு வந்த பராமரிப்பாளர் தம்பி பக்கவாதக்காரர்களைப் பார்த்துப் பழகியவர், இது அவருக்குப் புதிது. "ஒரு தடவை சொல்லிக் குடுங்கண்ணே, பெறகு நான் பாத்துக்கிறேன்" என்றார். முகம் சுளிக்காமல் செய்தார். அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

உறவினர்களின் யோசனைகளை மட்டும் தடுக்க வேண்டியிருந்தது. ஆளாளுக்கு விளக்கெண்ணெய், கடுக்காய் என்றார்கள். பேதியானால் எங்களால் அடக்க முடியாது, ஈரத்தில் தோல் புண்ணாகும். நார்ச்சத்துள்ள கவுனி அரிசியை ஆசைக்குக் கொஞ்சம்தான் சாப்பிட்டேன். நார்ச்சத்தைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் குறைத்தால் மலம் இறுகும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கூட்டத்தில் காலை முறை தள்ளிப்போனது. மாலையில் தலை வெடிக்கிற மாதிரி வலி, முகமெல்லாம் வியர்வை. பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். ரத்த அழுத்தம் 150. "கொஞ்சம்தான் ஜாஸ்தி, அலைச்சல்" என்று படுக்கச் சொன்னார்கள். டி6-லோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்கு வழக்கமான மேல் அழுத்தமே 90 முதல் 110 வரைதான் இருக்கும். அதிலிருந்து 20 முதல் 40 வரை கூடினாலே ஆபத்து. நிறைந்த சிறுநீர்ப்பையோ குடலோ இந்தத் திடீர் அழுத்தத்தைக் கிளப்பிவிடும், கவனிக்காவிட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரைக்கும் போகும். படுத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். தம்பிக்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன். என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, இடுப்புப் பட்டையைத் தளர்த்தினார். எனக்குப் போட்டிருக்கும் சிறுநீர்க் குழாய் மடங்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஜெல்லி தடவிக் காத்திருந்து, மெல்ல மலத்தை எடுத்தார். அழுத்தம் 104-க்கு இறங்கியது. டி6-லோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்கள் இதையெல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் வாதாட அப்போது நமக்குத் தெம்பு இருக்காது.

பக்கத்து ஊரில் சாரத்திலிருந்து விழுந்த ஒரு பெயின்டர் தம்பியைப் பார்த்தேன். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சொல்லித் தருகிறார்கள், அது நல்ல காரியம். குடலைப் பற்றி மட்டும் அவனிடம் யாரும் பேசியிருக்கவில்லை. துணியில் போய்விடுமோ என்ற பயத்தில் ஒருவேளைதான் சாப்பிடுகிறான். அவனுக்கு அடிபட்டது முதுகுத்தண்டின் அடிப்பகுதியில், இடுப்பு மட்டத்தில்; மலக்குடலின் அனிச்சைச் செயலே இல்லை. என் முறை அவனுக்கு உதவாது. மலத்தைச் சற்றுக் கெட்டியாக வைத்துத் தினமும் விரலால் எடுத்துவிட வேண்டும், அதை நேரில் கற்றுக்கொள்வதே நல்லது. வேலூர் சிஎம்சியிலும், தென்காசி அருகே ஆய்க்குடி அமர் சேவா சங்கத்திலும் முதுகுத்தண்டுக் காயத்துக்கு மறுவாழ்வுப் பயிற்சி உண்டு. சங்கத்தை 1981-ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனே கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். காரைக்குடியிலிருந்து தென்காசிக்குச் சிலம்பு எக்ஸ்பிரஸ் போகிறது என்றேன். அவனுடைய அம்மா போவதென்று முடிவே செய்துவிட்டார்.

"ரயில்ல போறப்ப சாப்பிடலாமாண்ணே?" என்று கேட்டான். முந்தின நாள் காலி செய்துவிட்டு, எப்போதும் சாப்பிடுகிற சாப்பாட்டையே மூன்று வேளையும் சாப்பிடு என்றேன்.