வியர்க்கும் கண்ணாடி: விசி கூலரோடு ஆறு வருஷம்

நேற்று மெக்கானிக் வந்து போனார். இருபது நிமிஷ வேலை. அந்த இருபது நிமிஷ வேலை நடக்காததால் ஒன்றரை வருஷமாகக் கையில் துணியோடு அலைந்திருக்கிறேன். சரியாக இதே நேரம் பார்த்து, புதுக் கடை போடப் போகிற நண்பன் ஒருவன் கேட்டான்: "கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் வாங்கலாமாடா? உன்னோடது எப்படி உழைக்குது?" போனில் பதில் சொன்னால் வாய் நிதானம் தவறிவிடும் என்று எழுத உட்கார்ந்தேன்.

எத்தனை லிட்டர், எத்தனை தட்டு என்பதெல்லாம் விற்பவர்களே சொல்வார்கள். ஒற்றைக் கதவு, நின்ற வாக்கில் இருக்கும் சாதாரண விசி கூலர், அதாவது கடைகளில் இருக்கும் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ், என்னுடையது. பாலும் குளிர்பானமும் வைக்கிறேன். அவ்வளவுதான்.

முதலில் அதன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கோபம் ஏறிய பிறகு சொல்ல மனசு வராது.

வண்டியில் படுக்கப்போட்டுக் கொண்டுவந்தார்கள். இறக்கிய பையன்கள் உடனே பிளக்கைச் செருகி, விளக்கு எரிவதைக் காட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். நான் விடவில்லை. படுத்துவந்த ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் ஏறியிருக்கும், அது திரும்ப இறங்க நேரம் வேண்டும் என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஓர் இரவு முழுக்க நிமிர்த்தி வைத்து, மறுநாள் காலையில்தான் போட்டேன். ஆறு வருஷமாக அந்தக் கம்ப்ரஸர் ஒரு முறைகூட மக்கர் செய்யவில்லை. அந்த ஒரு ராத்திரிதான் காரணமா, சொல்லத் தெரியாது. ஆனால் அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

முன்னங்கால் இரண்டையும் திருகி, உடம்பு பின்பக்கம் ஒரு நூல் சாய்கிற மாதிரி வைத்தேன். இது சின்ன விஷயம் இல்லை. அப்படி வைத்தால் பாதியில் விட்ட கதவு தானாகவே போய் மூடிக்கொள்ளும். கடைக்கு வருகிறவர் ஒரு கையில் பாட்டிலும் இன்னொரு கையில் போனுமாக இருப்பார். கதவைச் சாத்த மூன்றாவது கை ஏது? அந்த மெல்லிய "டப்" சத்தத்தை ஆறு வருஷமாகக் கேட்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

உறைபனி கரைந்த தண்ணீரையும் நான் ஒரு நாளும் எடுத்துக் கொட்டியதில்லை. உள்ளே குளிர்ச்சுருளில் படியும் பனி, கம்ப்ரஸர் ஓய்கிற நேரத்தில் விசிறிக் காற்றிலேயே கரைந்து, ஒரு குழாய் வழியாக இறங்கி, கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் இருக்கும் தட்டில் விழுகிறது. அந்தச் சூட்டிலேயே ஆவியாகிப் போகிறது. எதைக் கழிவு என்று வெளியே தள்ளுகிறதோ அந்தச் சூட்டை வைத்தே தன் தண்ணீரைத் தானே துடைத்துக்கொள்கிறது. இதை யோசித்தவரை நேரில் பார்த்தால் கும்பிடுவேன்.

கண்ணாடிக் கதவைச் செய்தவரைப் பார்த்தால் வேறு மாதிரி பேசுவேன். இனி அந்தக் கதை.

நாலரை வருஷம் வரை ஒன்றுமில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில், காலையில் கடை திறந்தால், கதவின் கீழ்ப்பாதி மட்டும் பால் ஊற்றியது போல வெளுத்திருந்தது. வெளிப்பக்கம். துடைத்தேன். அரை மணியில் மறுபடி. மத்தியானத்துக்குள் துளித்துளியாகத் திரண்டு, கோடு கோடாக வழிந்து, கீழே கேஸ்கட் ரப்பரின் (கதவோரத்தில் காற்றுப் போகாமல் அடைக்கும் ரப்பர்) மடிப்பில் தேங்கி, அங்கிருந்து தரையில் சொட்டியது. ஒரு வாரத்தில் ரப்பர் மடிப்புக்குள் கரும்புள்ளியாகப் பூஞ்சை. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மட்டும் கொண்டாட்டம். விரலால் பேர் எழுதினார்கள், மீசை வைத்த முகம் வரைந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் கண்ணாடிக் கதவு. பார்க்க முடியாததால் ஆட்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தேடினார்கள். திறக்கத் திறக்க ஈரக் காற்று உள்ளே போனது, கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்தது.

கைப்பிடியில் ஒரு துணி தொங்க ஆரம்பித்தது அப்போதுதான்.

முதலில் வந்த மெக்கானிக் கதவைத் திறக்கக்கூட இல்லை. பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, கேஸ் கம்மியாயிருக்கு" என்றார். எந்த ஃப்ரிட்ஜுக்கும், எந்த நோய்க்கும், முதல் வார்த்தை இதுதான். நானும் தலையாட்டினேன். இதில் என் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். மேலே எண்ணாக 3 டிகிரி என்று காட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டில் கையை உறைய வைக்கிறது. கேஸ் குறைந்த ஃப்ரிட்ஜ் இப்படிக் குளிருமா? அதோடு, அது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற சரக்கும் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையைத் தேடாமல் கேஸ் போடுவது, ஓட்டைக் குடத்தைக் கிணற்றடிக்குத் தூக்கிப்போகிற கதை. இவ்வளவு வியாக்கியானமும் இப்போது வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

அவர் செய்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. என் ஃப்ரிட்ஜில் இருப்பது ஆர்-290, அதாவது புரொப்பேன். சமையல் கேஸில் கலந்திருப்பதும் இதுதான். கம்ப்ரஸர் மேல் முக்கோணத்துக்குள் தீப்படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. சுற்றுச்சூழலுக்குப் பழைய வாயுக்களைவிட எவ்வளவோ மேல். ஆனால் இருந்ததைப் பத்திரமாக வெளியேற்றி, நைட்ரஜன் விட்டுக் குழாயைச் சுத்தம் செய்த பிறகுதான் பக்கத்தில் தீயே கொண்டுபோகலாம். இவர் கடைக்குள்ளேயே புஸ்ஸென்று திறந்துவிட்டார். ஐந்து நிமிஷம் கழித்துப் பற்றவைப்புக் கருவியைக் கொளுத்தினார். நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். எத்தனை கிராம் போட வேண்டும் என்று பெயர்த்தகட்டில் தெளிவாக இருந்தும், தராசு எடுக்காமல் கைக்கணக்கில் போட்டுவிட்டுப் போனார்.

கண்ணாடி வியர்ப்பது நிற்கவில்லை. கூடவே குளிர்ச்சியும் மந்தமானது, ஏனென்றால் கேஸ் அதிகமாகிவிட்டது. அதைச் சரிசெய்ய இன்னொருவரைத் தேடி, பழையதை எடுத்து, குழாயில் ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரை மாற்றி, வேக்குவம் போட்டு உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி, கிராம் கணக்கில் நிறுத்து ஏற்ற வேண்டியதாயிற்று. இல்லாத நோய்க்கு ஒரு வைத்தியம், அந்த வைத்தியத்துக்கு இன்னொரு வைத்தியம்.

அதன் பிறகுதான் நானே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டது இது. கண்ணாடிக் கதவில் மூன்று விதமான மங்கல் உண்டு, மூன்றுக்கும் காரணம் வேறு.

கதவைத் திறந்து மூடியதும் உட்பக்கம் மங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. வெளி ஈரம் உள்ளே போய்க் குளிர்ந்த கண்ணாடியில் ஒட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் தானே தெளிந்துவிடும். தெளியாமல் நின்றால் கேஸ்கட் எங்கோ காற்று விடுகிறது. ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடம்தான். ரப்பர் வளைந்திருந்தால் வெந்நீரில் நனைத்த துணியை வைத்து நீவிக் கொடுத்தாலே பல நேரம் பழைய வடிவத்துக்கு வந்துவிடும்.

இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் மங்கினால், எந்தப் பக்கம் துடைத்தாலும் போகாது. ஓரத்து சீல் விட்டுப்போய் ஈரம் உள்ளே நுழைந்துவிட்டது என்று அர்த்தம். கண்ணாடியையே மாற்ற வேண்டியதுதான்.

மூன்றாவது என்னுடையது, வெளிப்பக்கம். காற்றில் இருக்கும் ஈரம் எந்த வெப்பநிலையில் தண்ணீராகத் திரளுமோ அதைப் பனிநிலை என்கிறார்கள். கண்ணாடியின் மேல்பரப்பு அதைவிடக் குளிர்ந்தால் வியர்க்கும். இந்த மாதிரிப் பெட்டிகளைச் சோதிக்க வகுப்புகள் வைத்திருக்கிறார்கள். தகட்டில் கிளைமேட் கிளாஸ் என்று ஓர் எண் இருக்கும். என்னுடையது 4. அதாவது 30 டிகிரி வெப்பம், 55 சதவீத ஈரப்பதம். அந்தக் காற்றின் பனிநிலை 20 டிகிரி. அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதமானால் பனிநிலை 26 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. மழைக்காலத்தில் கதவு திறந்தே கிடக்கும் கடையில் 55 சதவீதத்தை யார் கண்டார்கள்? ஆக, பெட்டி அதன் பரீட்சையில் பாஸ்தான். என் கடைதான் பாடத்திட்டத்தில் இல்லை.

இதற்காகத்தான் கதவுச் சட்டத்துக்குள் மெல்லிய ஹீட்டர் கம்பி ஒன்று ஓட விட்டிருக்கிறார்கள். டோர் ஹீட்டர் என்பார்கள். ஃப்ரிட்ஜுக்குள் ஹீட்டரா என்று முதலில் சிரிப்பு வந்தது. குளிர வைக்கவும் கரண்ட், குளிர்ந்ததைச் சூடாக்கவும் கரண்ட். ஆனால் என் கடை ஈரத்தில் அது இல்லாமல் இந்தக் கதவு வறண்டு நிற்காது. என் கதவு நாலரை வருஷம் பளிச்சென்று இருந்ததற்கு அந்தக் கம்பிதான் காரணம் என்பதே, அது செத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நேற்று வந்தவர் பையைத் திறப்பதற்கு முன் உள்ளங்கையைக் கதவுச் சட்டத்தில் வைத்தார். மேலே, பக்கத்தில், கீழே. "வெதுவெதுப்பா இருக்கணும் சார். பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு." மல்டிமீட்டரை எடுத்து, ஹீட்டருக்குப் போகும் ஒயரின் இரு முனையிலும் வைத்து, கதவை மெல்லத் திறந்தார். ஒயர் அறுபடாமல் இருந்தால் அது "பீப்" அடிக்க வேண்டும். சத்தமில்லை. பாதி திறந்ததும் "பீப்". இன்னும் கொஞ்சம் திறந்ததும் மறுபடி அமைதி. கீலுக்கு உள்ளே, கதவோடு சேர்ந்து மடங்குகிற இடத்தில், ஒயர் அறுந்து தோலோடு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாளைக்கு 200 தடவை கதவு திறக்கிறது என்று வையுங்கள். ஐந்து வருஷத்தில் மூன்றரை லட்சம் தடவைக்கு மேல். ஒவ்வொரு தடவையும் அந்த ஒயர் ஒரே இடத்தில் மடங்கி நிமிர்ந்திருக்கிறது. ஒரு விரற்கடை நீளம் தளர்வாக விட்டிருந்தால் மடிப்பு பரவியிருக்கும். கம்ப்ரஸருக்கு அவ்வளவு யோசித்தவர்கள், தண்ணீர்த் தட்டுக்கு அவ்வளவு யோசித்தவர்கள், ஒரு விரற்கடை ஒயருக்குக் கஞ்சத்தனம் செய்திருக்கிறார்கள். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் புது ஒயரைத் தளர்வாக ஒரு சுற்று விட்டு இணைத்தார். பத்து நிமிஷத்தில் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். பூனை படுத்து எழுந்த இடம் மாதிரி இளஞ்சூடு.

பராமரிப்பு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழே இருக்கும், சூட்டை வெளியே விடும் கண்டன்சர் தகடுகளை மேலிருந்து கீழாக மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுவேன். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிவிடும். ஒரு முறை ஐந்து மாதம் சோம்பலாக விட்டேன். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியது. பிரித்துப் பார்த்தால் தூசி கம்பளி மாதிரி போர்த்தியிருந்தது. பின்சுவரோடு ஒட்ட வைக்காமல் ஒரு சாண் இடம் விடுங்கள். தட்டில் சரக்கைப் பின்சுவர் வரை அடைக்காதீர்கள், காற்று சுற்ற வழி வேண்டும். கரண்ட் போய்வந்தால் மூன்று நிமிஷம் பொறுத்து இணைக்கிற ஸ்டெபிலைசர் நல்லது. உள்ளே அழுத்தம் சமமாவதற்குள் கம்ப்ரஸரைக் கிளப்பினால் திணறும்.

இப்போது நண்பனுக்குப் பதில். நான் மறுபடி வாங்கினால் இதே பெட்டியைத்தான் வாங்குவேன். குளிர்ச்சியில் குறை சொல்ல முடியாது, சத்தம் இல்லை, கதவு தானே சாத்திக்கொள்கிறது. உனக்கு வேண்டாம். திடக் கதவு வாங்கு. கண்ணாடி வழியாக உள்ளே போகும் சூடு அதைவிடப் பல மடங்கு, அந்தச் சூட்டை வெளியே தள்ளவும் கரண்ட். உன் கடையோ தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்கும், மழைச் சாரல் நேரே அடிக்கும். உனக்குப் பொறுமையும் கிடையாது. என்ன இருக்கிறது என்று கதவில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடு.

இதை அனுப்புவதற்குள் அவனே சாயங்காலம் வந்து நின்றான். கதவைத் திறந்தான். திறந்தபடியே எதை எடுப்பது என்று யோசித்துக்கொண்டு, பெண்ணின் பரீட்சை, பல்வலி, வாடகை என்று பேசிக்கொண்டிருந்தான். மேலே எண் 3-லிருந்து 6-க்கு ஏறியது. நான் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு கையை விட்டான். கதவு தானாகப் போய் "டப்" என்றது. உட்பக்கம் வெள்ளையாக மங்கியது. நான் மனசுக்குள் எண்ணினேன். நாற்பது வருவதற்குள் கண்ணாடி தெளிந்து, பின்வரிசை பாட்டிலின் லேபிள் வரை படிக்க முடிந்தது.

"நல்லாத்தானேடா இருக்கு" என்றான்.

"அதான் சொல்றேன், வாங்காதே" என்றேன். கைப்பிடியில் தொங்கும் துணியை இன்னும் எடுக்கவில்லை.