க்ராஸ்டூல்-என்ஜி: கட்டித் தரும், தேர்ந்தெடுத்துத் தராது

மேசைக் கணினியில் எழுதிய சி நிரலை ஆர்ம் வகைச் செயலி கொண்ட ஒரு சிறிய போர்டில் ஓட்ட வேண்டுமானால், அந்தப் போர்டுக்கான எந்திர மொழியை மேசைக் கணினியிலிருந்தே உருவாக்கித் தரும் க்ராஸ் கம்பைலர் வேண்டும். போர்டு விற்பவர்கள் பெரும்பாலும் ஆயத்தமான டூல்செயின் (கம்பைலர், லிங்கர், லைப்ரரி ஆகியவற்றின் தொகுப்பு) ஒன்றைச் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். எனக்கும் அப்படி ஒன்று கிடைத்தது. ஆனால் அதிலிருந்த ஜிசிசி என்ற கம்பைலர் மிகப் பழையது, எந்தெந்தத் தெரிவுகளோடு அது கட்டப்பட்டது என்பதற்கு ஒரு வரிக் குறிப்பும் இல்லை. அதை ஒதுக்கிவிட்டு, சில மாதங்களாக க்ராஸ்டூல்-என்ஜியைக் கொண்டு எனக்குத் தேவையான டூல்செயின்களை நானே கட்டி வருகிறேன்.

டான் கெகல் உருவாக்கிய க்ராஸ்டூல் என்ற பழைய ஸ்கிரிப்ட் தொகுப்பை, யான் மோரன் அடியோடு திருத்தி எழுதியதில் பிறந்தது இந்தக் கட்டற்ற மென்பொருள். இது தீர்த்து வைக்கும் சிக்கல், கோழி முதலா முட்டை முதலா என்ற வகையைச் சேர்ந்தது. முழுமையான ஜிசிசியைக் கட்டுவதற்கு, ப்ரின்ட்எஃப் போன்ற அடிப்படைச் செயற்கூறுகள் அடங்கிய சி லைப்ரரி வேண்டும். சி லைப்ரரியைக் கட்டுவதற்கோ ஜிசிசி வேண்டும். ஆகவே முதலில் அசெம்ப்ளரும் லிங்கரும் அடங்கிய பின்யூட்டில்ஸ், பிறகு லைப்ரரி எதையும் நம்பாத அரைகுறை ஜிசிசி, கர்னலோடு பேசுவதற்கான அறிவிப்புகளைக் கொண்ட கர்னல் ஹெடர்கள், அவற்றின் மேல் சி லைப்ரரி, எல்லாம் முடிந்தபின் முழு ஜிசிசி என்று படிப்படியாகப் போக வேண்டியிருக்கிறது. இதைக் கையால் ஒரு முறை செய்து பார்த்தவருக்குத்தான் க்ராஸ்டூல்-என்ஜியின் அருமை முழுதாகப் புரியும்.

லினக்ஸ் கர்னலைக் கட்டிப் பழகியவர்களுக்கு தெரிவுகளைப் பட்டியலாகக் காட்டும் இதன் மெனுகான்ஃபிக் திரை புதிதாகத் தோன்றாது. மாதிரிக் கட்டமைப்புகளின் பட்டியலிலிருந்து நம் போர்டுக்கு நெருக்கமான ஒன்றை எடுத்து, மெனுவில் வேண்டியதை மாற்றி, பில்டு கட்டளையைக் கொடுத்தால் போதும். என் கணினியில் ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. சில கண்டிப்புகள் உண்டு. ரூட் பயனராக ஓட்டினால் மறுத்துவிடும். சூழல் மாறிகளில், லைப்ரரிகளைத் தேடும் இடத்தைச் சொல்லும் எல்டி லைப்ரரி பாத் அமைக்கப்பட்டிருந்தாலும் நின்றுவிடும். கட்டி முடித்த கோப்புறையைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுவதால், அதை அழிக்கப் போனவர் அனுமதி இல்லை என்ற செய்தியைப் பார்த்துத் திகைத்து நிற்பார். இவற்றையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை, ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பட்ட அடியிலிருந்து வந்த எச்சரிக்கை என்றே படுகிறது.

ஆனால் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இந்தக் கருவி சொல்லாது. என் முதல் டூல்செயினில், மிதவைப் புள்ளிக் கணக்கை வன்பொருளே செய்யட்டும் என்ற தெரிவை யோசிக்காமல் இட்டுவிட்டேன். போர்டில் ஏற்கெனவே இருந்த ரூட் ஃபைல்சிஸ்டமோ (இயங்குதளத்தின் கோப்புத் தொகுதி) மென்மிதவை ஏபிஐயில் கட்டப்பட்டது; ஏபிஐ என்பது கம்பைல் செய்த நிரல்களும் லைப்ரரிகளும் ஒன்றையொன்று அழைக்கும் முறை. நிரலைப் போர்டுக்கு நகலெடுத்து ஓட்டினால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது ஷெல். கோப்பு கண்ணெதிரே இருந்தது, அனுமதியும் சரியாக இருந்தது. அரை நாள் கழித்து, நிரல் கோப்பின் உள்ளமைப்பைக் காட்டும் ரீட்எல்ஃப் கொண்டு பார்த்தபோதுதான் விளங்கியது: நிரல் தேடியது எல்டி-லினக்ஸ்-ஆர்ம்ஹெச்எஃப் என்ற லோடரை (நிரலை லைப்ரரிகளோடு இணைத்து ஓடவைப்பது), போர்டில் இருந்ததோ ஹெச்எஃப் இல்லாத பழைய லோடர். ஷெல் இல்லை என்று சொன்ன கோப்பு என் நிரல் அல்ல, அந்த லோடர்தான்.

இரண்டாவது அடி கர்னல் ஹெடர்களில் விழுந்தது. புதியதுதான் நல்லது என்று நினைத்து, போர்டில் ஓடும் கர்னலைவிடப் புதிய பதிப்பின் ஹெடர்களைத் தேர்ந்தெடுத்தேன். லினக்ஸில் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி ஆதரிக்க வேண்டிய குறைந்தபட்சக் கர்னலை அந்த ஹெடர்களின் பதிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும் தெரிவும் உடன் இருந்ததால், கட்டியதெல்லாம் ஒழுங்காகக் கட்டப்பட்டு, போர்டில் ஏறியவுடன் கர்னல் மிகப் பழையது என்று சொல்லிச் செத்துப்போனது. போர்டின் கர்னலுக்குச் சமமான அல்லது அதைவிடப் பழைய ஹெடர்களைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மெனுவில் அதிக நேரம் நின்று யோசிக்க வேண்டிய இடம் சி லைப்ரரி. லினக்ஸ் போர்டுக்கு ஜிலிப்சி, மசில், யூசிலிப்சி-என்ஜி ஆகியவை உண்டு; இயங்குதளமே இல்லாத மைக்ரோகன்ட்ரோலருக்கு நியூலிப், பிக்கோலிப்சி. ஜிலிப்சி அளவில் பெரியது, ஆனால் பிறர் எழுதிய நிரல்களில் பெரும்பாலானவை அதை எதிர்பார்த்தே எழுதப்பட்டவை. எம்ஐடி உரிமத்தில் வரும் மசில் சிறியது, லைப்ரரியை நிரலுக்குள்ளேயே சேர்த்துவிடும் நிலை இணைப்புக்கு மிகவும் தோதானது; ஆயினும் அதில் ஒரு திரெட்டுக்கு (நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) இயல்பாகக் கிடைக்கும் ஸ்டாக், அதாவது உள்ளூர் மாறிகளுக்கான நினைவகம், 128 கிலோபைட் மட்டுமே, ஜிலிப்சியில் வழக்கமாக அது 8 மெகாபைட். மேசைக் கணினியில் பிசகின்றி ஓடிய என் நிரல் ஒன்று, திரெட்டுக்குள் 200 கிலோபைட் அளவில் ஓர் உள்ளூர் அர்ரே வைத்திருந்ததால், மசிலோடு இணைத்தவுடன் முதல் அழைப்பிலேயே விழுந்தது. ஸ்டாக் அளவை நிரலிலேயே குறிப்பிட்டபின் சரியானது. 32 பிட் போர்டை நெடுங்காலம் ஓடவிட நினைப்பவர்கள் 32 பிட்டில் எண்ணும் நேரம் 2038 ஆம் ஆண்டில் நிரம்பி வழியும் சிக்கலையும் இங்கேயே கவனிக்க வேண்டும்: மசில் 1.2.0 பதிப்பிலிருந்து நேரத்தை 64 பிட்டில் வைக்கிறது, ஜிலிப்சியில் 2.34 பதிப்பு முதல் அந்த வசதி உண்டு, ஆனால் கம்பைல் செய்யும்போது அதை நாமே கேட்டுப் பெற வேண்டும்.

நியூலிப்பைப் பற்றி ஒன்று மட்டும். ப்ரின்ட்எஃப் எழுதியவுடன் எழுத்துகள் சீரியல் போர்ட்டில் வந்து கொட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எழுதுவதற்கும் நினைவகம் கேட்பதற்குமான அடிமட்டச் செயற்கூறுகளை அந்தச் சிப்புக்கு ஏற்றபடி நாமே எழுதித் தர வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. பழைய பதிப்புகளில் பதிந்திருக்கும் தரவிறக்க முகவரிகள் சில செத்துவிட்டன. தேவைப்படும் துணை லைப்ரரிகளில் ஒன்றான இசெட்லிப்பின் தளம் பழைய தொகுப்புகளை வேறு கோப்புறைக்கு நகர்த்திவிடும் வழக்கமுடையது. மற்றொரு துணை லைப்ரரியான ஐஎஸ்எல் இருந்த பழைய வழங்கியோ மூடப்பட்டேவிட்டது. கட்டமைப்பில் எந்தத் தவறும் செய்யாதவருக்கும் தரவிறக்கத்திலேயே பில்டு நின்றுபோகும். மெனுவின் உதவிக் குறிப்புகள் பல இடங்களில் தெரிவின் பெயரையே திருப்பிச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. பில்டு பாதியில் முறிந்தால் திரையில் தெரிவது கடைசிச் சில வரிகள் மட்டுமே. உண்மையான பிழையைப் பில்டு லாகில் கீழிருந்து மேலாகத் தேடிக்கொண்டு போக வேண்டும். இடைப்படிகளைச் சேமிக்கும் தெரிவை முதலிலேயே இட்டு வைத்தால், முறிந்த படியிலிருந்து தொடரலாம். அதை இடாமல் மூன்று முறை முதலிலிருந்து தொடங்கியவன் நான்.

ஆயத்த டூல்செயின் தன் போர்டுக்குப் பொருந்துகிறது என்றால், ஒருவர் இதில் இறங்க வேண்டிய அவசியம் இல்லை. முழு ரூட் ஃபைல்சிஸ்டமும் வேண்டுமென்றால் பில்ட்ரூட் போதும், அதுவே ஒரு டூல்செயினையும் கட்டிக்கொள்ளும். லைப்ரரி, ஹெடர், ஏபிஐ ஆகியவற்றின் பதிப்புகள் தம் கையில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு க்ராஸ்டூல்-என்ஜியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நான் இப்போது ஒவ்வொரு திட்டத்திலும் மாற்றிய தெரிவுகளை மட்டும் சேமிக்கும் சேவ்டெஃப்கான்ஃபிக் கட்டளை தரும் சின்னக் கோப்பை மூல நிரலோடு சேர்த்து வைக்கிறேன். தரவிறக்கிய தொகுப்புகளையும் தனி வட்டில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். அதற்கான கோப்புறையை முன்கூட்டியே நாமே உருவாக்கி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓர் எச்சரிக்கை வரியோடு எதையும் சேமிக்காமல் கடந்துவிடும்.