ஹொட்ஸ்பொட் சொப்ட்வெயாருக்குக் காசு கொடுக்காதீர்கள்: மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்தவர்கள் கவனத்துக்கு

லெப்டொப்பின் இன்டர்நெட்டைப் போனுக்குப் பகிர "பற்றரி சேவர் ஹொட்ஸ்பொட்" என்று ஒரு சொப்ட்வெயாரைப் போட்டு, யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றையும் தலையில் கட்டி, 6,500 ரூபா வாங்கியிருக்கிறது கல்முனையில் ஒரு கடை. ஏ.எல். படிக்கிற பிள்ளையின் லெப்டொப் அது. இரண்டுமே தேவைப்படாத சாமான்கள்.

விண்டோஸ் 10இல் 2016ஆம் ஆண்டு அப்டேட்டிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. செட்டிங்ஸ், நெட்வேர்க் அண்ட் இன்டர்நெட், மொபைல் ஹொட்ஸ்பொட் என்று போங்கள். ஒரு பெயரும் குறைந்தது 8 எழுத்துள்ள பாஸ்வேர்டும் கொடுத்து ஓன் செய்தால் 8 போன் வரை சேரலாம். மின்சேமிப்பு சுவிட்சும் அதே பக்கத்தில் உண்டு. யாரும் சேராமல் சில நிமிடம் கழிந்தால் ஹொட்ஸ்பொட் தானாக நின்றுவிடும்.

ஏமாற்றுவதற்கு இந்த இடம்தான் வசதியாகப் போகிறது. போன் உறங்கி வைஃபையை விட்டால், சற்று நேரத்தில் லெப்டொப்பும் ஹொட்ஸ்பொட்டை நிறுத்தும். அது பழுதல்ல, மறுபடி ஓன் செய்தால் போதும். இன்னொன்று பாண்ட், அதாவது வைஃபை ஓடும் அலைவரிசை. லெப்டொப் 5 கிகாஹேர்ட்ஸில் பரப்பினால் பழைய போன்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. எடிட் பொத்தானை அழுத்தி 2.4க்கு மாற்றுவது அரை நிமிட வேலை. இந்த இரண்டையும் காட்டித்தான் "வைஃபை கார்ட் போய்ட்டு" என்று சொல்லி அடாப்டரை விற்றிருக்கிறார்கள்.

போட்டுக்கொடுத்த சொப்ட்வெயாரோ கிராக் செய்தது, அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. அது ஓடுவதற்காக விண்டோஸோடு வரும் அன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டரை நிறுத்தியிருந்தார்கள். லெப்டொப் தொடங்கும்போதே அதுவும் தொடங்கி, ஆளில்லாத நேரத்திலும் பரப்பிக்கொண்டிருந்தது. பற்றரியும் டேட்டாவும் சேர்ந்தே கரைந்தன.

பற்றரியை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் திரையைக் கவனியுங்கள். வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு நிமிடத்தில் அணையும்படி வையுங்கள். ஸ்லீப்பை மட்டும் "நெவர்" ஆக்குங்கள், ஏனென்றால் லெப்டொப் உறங்கினால் ஹொட்ஸ்பொட்டும் போய்விடும். மூடியை மூடினாலும் அப்படித்தான். பவர் ஒப்ஷன்ஸில் மூடிக்கு "டூ நத்திங்" என்று மாற்றலாம். ஆனால் அப்படி ஓடும் லெப்டொப்பைப் பையிலோ மெத்தையிலோ வைக்கவே வேண்டாம், சூடேறிவிடும். சிம் போட்டு இன்டர்நெட் எடுக்கும் யூஎஸ்பி டொங்கிளும் லெப்டொப் பற்றரியில்தான் ஓடுகிறது. இரண்டரை வாட் வரை இழுக்கும். போன் சிம்மில்தான் டேட்டா இருக்கிறதென்றால் லெப்டொப்பே வேண்டாம், போனின் ஹொட்ஸ்பொட்டே சிக்கனம்.

டேட்டா விடயமும் முக்கியம். வைஃபை என்றால் தாராளம் என்று போன் நினைத்து அப் அப்டேட், போட்டோ பேக்கப் எல்லாவற்றையும் இறக்கி ஏற்றத் தொடங்கும். லெப்டொப்பின் கனெக்‌ஷனையும், போனில் இந்த வைஃபையையும் "மீட்டர்ட்" (அளவான டேட்டா) என்று குறித்துவிடுங்கள்.

ஏற்கனவே போட்டுவிட்டவர்கள் அந்தச் சொப்ட்வெயாரை நீக்கி, விண்டோஸ் செக்யூரிட்டியில் ரியல் டைம் புரொடெக்‌ஷனை ஓன் செய்யுங்கள். எக்ஸ்குளூஷன்ஸ் பட்டியலையும் கட்டாயம் பாருங்கள். கிராக் இருந்த ஃபோல்டரை அங்கே சேர்த்திருந்தால் டிஃபெண்டர் அதைத் தொடாது. முழு ஸ்கேன் ஓடியபின், வேறொரு போனிலிருந்து ஈமெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் முறையிடலாம். இனிமேல் லெப்டொப் கொடுக்கும்போது என்ன போட்டார்கள், என்ன மாற்றினார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.