டாஷ்போர்ட் என்ற பேரில் படம் காட்டுகிறார்கள்: கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடி வியாபாரிகள் கவனிக்கவும்

"எல்லாக் கிளைக் கணக்கும் ஒரே திரையில், கைபேசியிலேயே பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். கல்முனையில் தலைமைக் கடை, அக்கரைப்பற்றிலும் காத்தான்குடியிலும் கிளைகள், சம்மாந்துறையில் களஞ்சியம் உள்ள ஒரு ஹாட்வெயார் வியாபாரத்துக்கு இப்படி ஒன்றைச் செய்து கொடுத்து, 60 வீத முற்பணத்தோடு தொடர்பை அறுத்துவிட்டார்கள். கணக்குப் பகுதியில் இருக்கும் நாங்கள் அவர்கள் விட்டுச்சென்ற பவர் பிஐ (தரவை வரைபடமாகக் காட்டும் மைக்ரோசொப்ட் மென்பொருள்) கோப்பைத் திறந்து பார்த்தோம். அகப்பட்டதை எழுதுகிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது, அதற்குள் தரவை எடுத்து வரும் பகுதியான பவர் குவெரி. ஒவ்வொரு அட்டவணைக்கும் முதல் படியாக 'சோர்ஸ்' என்று ஒன்று இருக்கும். தரவு எங்கிருந்து வருகிறது என்பது அதில் தெரியும். கிளைக் கணனியின் சேர்வர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அவர்களுடைய மடிக்கணனி டெஸ்க்டொப்பில் கிடக்கும் மூன்று எக்செல் கோப்புகளின் பாதை இருந்தது. இரவில் ஒருவர் எனிடெஸ்க் என்ற தொலைவிலிருந்து கணனியை இயக்கும் மென்பொருள் வழியாக ஒவ்வொரு கிளைக்குள்ளும் நுழைந்து, பில்லிங் மென்பொருளிலிருந்து எக்செல் இறக்கி, கையால் ஒட்டியிருக்கிறார். இதைத்தான் 'லைவ்' என்று விற்றார்கள். அந்த ஆள் நிறுத்தியதும் எண்கள் அப்படியே நின்றுவிட்டன. 'இன்றைய விற்பனை' என்ற பச்சைப் பெட்டி மட்டும் பூச்சியத்தோடு மினுங்கிக்கொண்டிருந்தது.

ஓடிய காலத்திலும் கணக்குச் சரியாக இருக்கவில்லை. மூன்று கடையிலும் பில் இலக்கம் 000001 இல்தான் தொடங்குகிறது. அவர்கள் மூன்றையும் ஒன்றாக அடுக்கி, பில் இலக்கத்தை மட்டும் வைத்து 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' கொடுத்திருக்கிறார்கள். கல்முனையில் 004512 ஒரு லொறி சீமெந்து, அக்கரைப்பற்றில் 004512 இரண்டு பெயின்ட் வாளி. இரண்டும் ஒரே பில் என்று நினைத்து ஒன்றைத் தூக்கி எறிந்துவிடும். கிளைக் குறியீட்டையும் பில் இலக்கத்தையும் சேர்த்து, ஒவ்வொரு பில்லையும் தனியாக அடையாளம் காட்டும் ஒரு திறவுகோல் செய்திருந்தால் இது நடந்திராது. தரவை ஒன்றுசேர்க்கும் எவருக்கும் அரிச்சுவடி இது.

விற்பனையைக் குறைத்துக் காட்டிய இடம் அது. கூட்டிக் காட்டிய இடம் களஞ்சியம். சம்மாந்துறையிலிருந்து கிளைக்கு அனுப்பும் சரக்குக்கும் மென்பொருளில் பில் போடுவதுதான் பல இடங்களில் வழக்கம். அந்த உள் மாற்றத்தையும் விற்பனையில் சேர்த்தால் ஒரே பொருள் இருமுறை விற்றதாகக் காட்டும். பிந்திய திகதி போட்ட காசோலைகளையும் கைக்கு வந்த காசாகக் கூட்டியிருந்தார்கள். அதை நம்பி கொழும்புக்குச் சரக்கு ஓடர் போட்டால் என்ன ஆகும் என்று வியாபாரிக்குச் சொல்லத் தேவையில்லை.

கம்பியில் நடந்ததுதான் பெரிய கூத்து. கொள்வனவு தொன்னில், விற்பனை எண்ணிக்கையில். 12 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 0.888 கிலோ. 6 மீற்றர்க் கம்பி ஒன்று 5.33 கிலோ, ஆக ஒரு தொன்னில் ஏறத்தாழ 187 கம்பி. இந்த மாற்று அட்டவணை எதுவுமே இல்லாமல் வந்தது 2, விற்றது 140, இருப்பு கழித்தல் 138 என்று காட்டியது. 10, 16 மில்லிமீற்றர்க் கம்பிக்கு மாற்று எண் வேறு. வயரில் சுருளும் யார் (கஜம்) அளவும், மணலில் கியூபும் டிரக்டர் லோடும் இதே கதைதான். அலகு அட்டவணையை உங்கள் களஞ்சியப் பொறுப்பாளர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் அவர் பார்க்கப்போவதில்லை.

வற் (பெறுமதி சேர் வரி) விடயத்தில், 2024 ஜனவரி 1 முதல்தான் 18 வீதம், அதற்கு முன் 15. அவர்கள் வரியைக் கழிக்கப் பழைய பில் உட்பட எல்லாவற்றையும் 1.18 ஆல் வகுத்திருக்கிறார்கள். காத்தான்குடிக் கிளையில் விலை ஏற்கனவே வற் நீங்கலாகத்தான் பதிவாகிறது. அதையும் வகுத்துவிட்டார்கள்.

வாடிக்கையாளர் பெயரில் இன்னொரு சிக்கல். பழைய மென்பொருளில் பெயர்கள் பாமினி எழுத்துருவில், புதியதில் யூனிகோட்டில். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் கணனிக்கு இரண்டு வேறு ஆட்கள். முகமது, முஹம்மத், மொஹமட் என்று ஒரே ஆள் மூன்று கடன் கணக்கில் நிற்பார். பெயரால் இணைக்காமல் வாடிக்கையாளர் இலக்கத்தால் இணைக்க வேண்டும். தொலைபேசி இலக்கத்தை நம்பினால், எக்செல் முன்னால் உள்ள 0 ஐத் தின்றுவிடும். எழுத்து வடிவில் இறக்குங்கள்.

மீன் வாடி, பேக்கரி என்று விடியுமுன் விற்பவர்களுக்கு ஒரு சொல்: பவர் பிஐ இணையச் சேவையில் 'டுடே' (இன்று) என்பது யூடிசி எனும் உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட 5.30 மணி முன்னால். விடியற்காலை 5.30 வரை திரையில் 'இன்று' என்பது நேற்றுத்தான்.

இரண்டாம் தவணை கொடுக்குமுன் இதைச் செய்து பாருங்கள். அக்கரைப்பற்றுக் கவுன்டரில் 1,237 ரூபா போன்ற வழக்கத்தில் வராத தொகைக்கு ஒரு பில் போடுங்கள். சொன்ன நேரத்துக்குள் திரையில் வருகிறதா? அந்த பில்லை இரத்துச் செய்யுங்கள். திரையிலிருந்து போகிறதா? பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான் வழுக்கும். பிறகு மூன்று கடையின் நாள்முடிவுத் தொகையைக் கையால் கூட்டி, திரையோடு ஒரு ரூபா பிசகாமல் ஒப்பிடுங்கள். பவர் பிஐ புரோ உரிமம் என்றால் தானியங்கிப் புதுப்பித்தல் ஒரு நாளில் 8 தடவைதான். "நிமிடத்துக்கு நிமிடம்" என்று சொன்னால் எப்படி என்று கேளுங்கள். கிளைத் தரவை எடுத்துச் செல்லும் கேட்வே ஓடும் கணனி எப்போதும் இயங்க வேண்டும். கரண்ட் போனால் அதுவும் போகும், யூபிஎஸ் செலவையும் விலையில் கேளுங்கள்.

பவர் பிஐ கணக்கு அவர்கள் மின்னஞ்சலில் இருந்தால் கோப்பும் அவர்களுடையதுதான். உங்கள் நிறுவன மின்னஞ்சலில் திறக்கச் சொல்லுங்கள்.

இனி மிக மோசமானது. உரிமக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க 'பப்ளிஷ் டு வெப்' முறையில் இணைப்புக் கொடுத்திருந்தார்கள். கடவுச்சொல் கேட்காமல் கைபேசியில் திறந்தால் அதுதான். அந்த இணைப்பு கிடைத்த எவரும் உங்கள் கடன்காரர் பட்டியலையும் இலாப வீதத்தையும் பார்க்கலாம். உங்களிடமும் அப்படி ஒன்று இருந்தால், கணக்கு உங்கள் கையில் இருக்கும் பட்சத்தில் செட்டிங்ஸில் 'மனேஜ் எம்பெட் கோட்ஸ்' சென்று இன்றே அழியுங்கள். கணக்கு அவர்களிடம் என்றால் அழிக்கும்படி எழுத்தில் கேட்டு, அழியும்வரை மிச்சப் பணத்தை நிறுத்துங்கள். அதோடு ஒவ்வொரு கிளைக் கணனியிலும் எனிடெஸ்கின் 'அன்அட்டென்டட் அக்சஸ்' (யாரும் அனுமதிக்காமலே உள்ளே நுழையும் வசதி) கடவுச்சொல்லை நீக்கி, பில்லிங் தரவுத்தளத்தின் 'எஸ்ஏ' (முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கு) கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். அடுத்து வருபவருக்கு வாசிக்க மட்டும் அனுமதியுள்ள தனிப் பாவனையாளர் கணக்கு போதும்.